மறுகட்டுமானம் முடியும்வரை வாடகை வீடு: 24,000 ரூபாயை எப்படிக் கணக்குப் போடுவது?

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு கட்டடம் இடிந்து விழுந்தது. 24 வீடுகள் போயின. விரிசலைப் பார்த்து மக்கள் முன்னாடியே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பழைய அடுக்குமாடிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது இந்த மாதிரி ஆபத்தைத் தவிர்க்கத்தான்.

சரி, இடிக்கிறார்கள். புது வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை எங்கே தங்குவது? இதற்காகத்தான் வாரியம் கருணைத்தொகை தருகிறது. முன்பு 8,000 ரூபாயாக இருந்த இந்தத் தொகை 2021-ல் 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது ஒரே ஒருமுறை கிடைப்பது. மாதாமாதம் வரும் என்று நினைத்து வீடு பார்த்தால் கஷ்டம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் பார்த்த வீட்டுக்கு மாத வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாத அட்வான்ஸ் 18,000. முதல் மாத வாடகை 6,000. மொத்தம் 24,000, தொகை சரியாகத் தீர்ந்துவிட்டது. அதே வீட்டுக்கு சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் 60,000. மீதி 36,000 ரூபாயை வட்டிக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பணத்தை வாடகைக்கானது என்று எண்ணாமல் அட்வான்ஸுக்கானது என்று ஒதுக்கி வைப்பதே நல்லது. அட்வான்ஸ் திரும்பி வரும். கொடுத்த வாடகை வராது. மாத வாடகை உங்கள் வருமானத்தில் இருந்துதான் போக வேண்டும். எனவே கையில் இருக்கும் 24,000-ஐ வைத்து வீட்டை முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

அட்வான்ஸுக்கு வரம்பு எதுவும் இல்லையா? இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் அதிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு: இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. அதாவது பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு சட்டத்தைக் காட்டிப் பேச முடியாது. பேரம் பேசுவதென்றால் கையெழுத்துக்கு முன்னாடியே பேசிவிடுங்கள்.

"தெரிஞ்சவங்கதானே, எழுத்தெல்லாம் எதுக்கு" என்று வாய்ப்பேச்சிலேயே குடிவருபவர்கள் நிறைய. இது வாடகைக்கு இருப்பவருக்குத்தான் பாதகம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாக இந்தச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. வீட்டு ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் அந்த ஒரு காரணத்தையே அவர் காட்டலாம்.

ஒப்பந்தத்தை எழுதி முடித்தால் மட்டும் போதாது, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குச் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயம் என்பதால் வந்த பழக்கம் அந்த 11 மாதம். இது வேறு, அது வேறு. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்குக் காலம் எவ்வளவு என்பது கணக்கில்லை. ஒப்பந்தம் போட்டு 90 நாட்களுக்குள் தமிழ்நாடு அரசின் டெனன்சி இணையதளத்தில் உரிமையாளரோ வாடகைதாரரோ விண்ணப்பிக்கலாம். ஒப்பந்த நகல், இரு தரப்பின் அடையாளச் சான்று, செல்போன் எண் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். பதிவானதும் ஒரு வாடகைப் பதிவு எண் கிடைக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால் முதலில் கேட்கப்படுவது இந்தப் பதிவுதான்.

ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ் தவிர இன்னொன்றையும் எழுதச் சொல்லுங்கள்: கரண்ட் கட்டணம். தனி மீட்டரா, பொது மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்று தெளிவாக இருக்கட்டும். சண்டை அதிகம் வருவது இந்த இடத்தில்தான்.

குடிவந்த பிறகு வாடகையை முடிந்தவரை யூபிஐயில் அனுப்பி, குறிப்பில் எந்த மாதத்துக்கு என்று போடுங்கள். கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ஓனர் வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேற்றப் பார்ப்பது சட்டப்படி தவறு. அதற்கும் அவரிடமே புகார் கொடுக்கலாம். ஆனால் இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.

வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணை யார் பெயரில் இருக்கிறது என்பதையும் காலி செய்வதற்கு முன்பே பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்து, அவர் இறந்த பிறகும் மாற்றாமல் விட்டிருந்தால், வாரிசுச் சான்றிதழோடு உடனே வாரிய அலுவலகத்துக்குப் போங்கள். கட்டடம் இடிந்த பிறகு அலைவதைவிட இது சுலபம். ஆணை, கருணைத்தொகை பெற்ற ஆவணம், பழைய ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, போட்டோவும் எடுத்து வையுங்கள். புது முகவரியையும் போன் எண்ணையும் வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஒதுக்கீட்டுத் தகவல் வரும்போது நீங்கள் வேறு ஏரியாவில் இருப்பீர்கள்.

வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில் ஓனரைக் கூட வைத்துக்கொண்டு சுவர், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸை அவர் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.