கழுத்துக் கருமையும் பீர்க்கங்காய் நாரும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டன என்றாலும், நூறாண்டுகளுக்கும் மேலாகப் பாறையை அரைத்துப் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மாவுபோன்ற பொடி, சயனைடு மேடுகளாக இன்றும் ஊருக்கு நடுவே நிற்கிறது. காற்று எழும் நாட்களில் அது அருகிலுள்ள குடியிருப்புகளின் வாசலிலும், கொடியில் உலரும் துணியிலும், விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளின் கழுத்து மடிப்பிலும் வந்து படிகிறது. ஆகவே தேகத்தை அழுந்தத் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்னும் எண்ணம் இங்கே வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. அந்தச் சிரத்தையை நான் மதிக்கிறேன். ஆயினும் அதன் பெயரால் சருமத்துக்கு நேரும் தீங்கைக் கண்டும் வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை.

கழுத்தின் பின்புறம் கருத்திருந்தால் அது அழுக்கு என்பதே இங்கே நிலவும் அபிப்பிராயங்களில் மிகக் கொடியது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தின்போது, தாய் பிள்ளையின் தலையை ஒரு கையால் குனியப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பீர்க்கங்காய் நாரையோ நைலான் நாரையோ கொண்டு கழுத்தைத் தேய்க்கிறாள், பிள்ளை அலறுகிறது, தோல் சிவந்து நீர் கசிகிறது, நான்கு நாளில் பொருக்குத் தட்டி, பொருக்கு உதிர்ந்தபின் அந்த இடம் முன்னிலும் கருமையாகத் தெரிகிறது. அது கண்டு, அடுத்த வாரம் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள்.

மடிப்புகளில் வெல்வெட்டுத் துணிபோலத் தடித்துக் கருக்கும் இந்நிலையை மருத்துவர்கள் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்பார்கள். உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்க்காதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்க, இரத்தத்தில் மிகுந்த அந்த இன்சுலின் தோலின் அணுக்களை அளவுமீறி வளரத் தூண்டுவதே பெரும்பாலோரிடம் இதற்குக் காரணம். பின்னாளில் வரக்கூடிய நீரிழிவு நோய்க்கு முன்னறிவிப்பாகக் கழுத்து நமக்குக் காட்டும் அந்த அடையாளத்தை நாரால் அழிக்க முயல்கிறோம். உடல் எடை குறைந்து இன்சுலின் நிலை சீர்பட்டால் கருமையும் மெல்ல மங்கும். தேய்ப்பதனாலோ, நம்மைப் போன்ற மாநிறத் தோலில் ஒவ்வொரு சிராய்ப்பும் கறையாகவே ஆறுகிறது. நைலான் துணியால் ஆண்டுக்கணக்கில் தேய்த்தவர்களின் முதுகிலும் காறையெலும்பின் மேலும் படரும் கருமையை ஜப்பானிய மருத்துவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே விவரித்துள்ளனர். நம் நாட்டுத் தோல் மருத்துவர்களும் இதை நன்கறிவர்.

தேய்க்கத் தேய்க்கத் திரிதிரியாக உருள்வதெல்லாம் அழுக்கு என்பதும் சரியன்று. அதில் பெரும்பகுதி தோலின் மேலடுக்கே. காகிதத்தைவிட மெல்லிய அவ்வடுக்குதான் உடலின் ஈரத்தைக் காக்கும் வேலி. இளம் வயதில் ஏறக்குறைய நான்கு வாரத்தில் மேல்தோல் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. தங்கவயல்காரர் ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும்: மேட்டுப் பொடி என்பது அரைத்த பாறை. அது மேனியில் இருக்கையிலேயே தேய்ப்பது உப்புத்தாளால் இழைப்பதற்கு ஒப்பாகும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் பொடியைக் கழுவிவிட்டு, பிறகு கையாலோ மெல்லிய துணியாலோ சோப்புப் போடுங்கள். மேல்தோலை அகற்ற விரும்பினால், வாரம் ஒரு முறை, வட்டமாக, அரை நிமிடம் போதும். புண்ணோ வெயிற்கொப்புளமோ உள்ள இடத்தில் அதுவும் வேண்டாம்.

வீட்டிலுள்ள பொருள் தீங்கு செய்யாது என்பாரும் உளர். நன்கு சலித்த பயத்தமாவைப் பற்றி எனக்கு ஆட்சேபமில்லை. எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து முகத்தில் தேய்ப்பதை ஒருபோதும் ஏற்க மாட்டேன். சர்க்கரைக் கற்கள் கீறிய தோலில் கடும் அமிலம் இறங்குவதோடு, சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கொப்புளமும் மாதக்கணக்கில் மறையாத கரும்பட்டைகளும் உண்டாகலாம்.

அழகு நிலையங்களில் அமிலம் பூசித் தோலை உரிக்கும் ‘பீல்’ குறித்து, தோல் உரிய உரிய நிறம் வெளுக்கும் என்று நம்பிப் பணம் செலவிடுகிறார்கள். நிறத்தை உண்டாக்கும் அணுக்கள் மேல்தோலின் அடித்தளத்தில் இருப்பதால், உரிந்த தோலுக்கு மாற்றாக வருவதும் உங்கள் சொந்த நிறமே. இதற்குப் பூசப்படும் கிளைகோலிக் அமிலம் வீட்டு உபயோகத்துக்கு 10 சதவீதத்துக்கு மேற்படலாகாது. மருத்துவர் கையில் அதுவே 70 சதவீதம் வரை செல்லும். பூசப்போவது எந்த அமிலம், எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பதில் வராவிடில் எழுந்து வந்துவிடுங்கள். பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் மாத்திரை உண்பவர்களும், வாயோரத்தில் அக்கிக் கொப்புளம் அடிக்கடி வருபவர்களும், கர்ப்பிணிகளும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப்பின் வெயில் தடுப்புக் களிம்பு இன்றி வெளியே செல்வது, கொடுத்த பணத்துக்குக் கறையை வாங்கிக்கொள்வதாகவே முடியும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கழுத்தோ அக்குளோ கருத்துத் தடித்திருந்தால், “குளிக்கவே மாட்டாயா?” என்று நாலு பேர் முன்னிலையில் அதைக் கூசவைக்காதீர்கள். நாரை ஆணியில் மாட்டிவிட்டு, பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, இரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.