தவணை கட்டத் தந்த கைபேசி

கென்யாவில் நைரோபி போன்ற நகரங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள், ஊரிலுள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்ப பேருந்துக்காரரிடமோ, ஊர் திரும்பும் உறவினரிடமோ கொடுத்துவிடுவார்கள். வழியில் தொலைந்தால் கேட்க நாதியில்லை. பல கிராமங்களுக்கு வங்கி வரவில்லை, கைபேசி வந்திருந்தது.

பிரிட்டனைச் சேர்ந்த வோடபோன் நிறுவனமும், அது பங்கு வைத்திருந்த சஃபாரிகாம் நிறுவனமும் பிரிட்டன் அரசின் நிதியுதவியோடு 2005இல் அங்கே ஒரு சோதனை நடத்தின. நோக்கம் வேறு: குறுங்கடன் வாங்கியவர்கள் தவணையைக் கைபேசி வழியே கட்ட வேண்டும். மக்களோ ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நிறுவனம் அதைத் தடுக்கவில்லை, கவனித்தது. நாம் இங்கே கற்க வேண்டியது இந்தக் கவனிப்பைத்தான். உதவி செய்யப் போகும் நாமே பல நேரம் இதில் தவறிவிடுகிறோம். 2007 மார்ச்சில், வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்ற அழைப்போடு எம்-பெசா வெளிவந்தது. பெசா என்றால் சுவாஹிலியில் பணம். நம் பைசாவுக்கு உறவான சொல்தான்.

இணையம் வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். சிம் அட்டையிலேயே பட்டியல் இருக்கும். இரகசிய எண்ணை அழுத்தினால் குறுஞ்செய்தியாகப் பணம் போய்விடும். ஆனால் அதைத் தாங்கி நின்றவர் தெருமுனைக் கடைக்காரர். அவரிடம் காசைக் கொடுத்தால் கணக்கில் ஏற்றுவார். கேட்டால் திருப்பித் தருவார். தெரிந்த முகம் என்பதால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தயங்காமல் வந்தார். முதல் ஆண்டிலேயே பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள்.

இதனால் 1,94,000 குடும்பங்கள், அதாவது அந்நாட்டுக் குடும்பங்களில் 2 விழுக்காடு, வறுமையிலிருந்து மீண்டதாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களுக்கே பயன் அதிகம். பலர் விவசாயத்தை விட்டுச் சிறுவணிகத்துக்கு மாறினார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நாமும் பாராட்டிவிட்டு நகர்ந்திருப்போம். 2012 நவம்பரில் அதே கைபேசியில் எம்-ஷ்வாரி என்ற சேமிப்பு, கடன் திட்டம் வந்தது. கடைக்காரரைக்கூடப் பார்க்க வேண்டாம். சில பொத்தான்களை அழுத்தினால் கடன் வந்துவிடும். முப்பது நாளைக்கு 7.5 விழுக்காடு. அதற்கு வட்டி என்று பெயரில்லை, கட்டணம் என்று பெயர். அந்த முப்பது நாளில் அடைக்க முடியாதவரிடம் இன்னும் முப்பது நாள் தவணை தந்து, மறுபடியும் ஒரு 7.5 விழுக்காடு வாங்கினார்கள்.