நல்ல துறைமுகம் திருகோணமலையில், கப்பல் நின்றது கொழும்பில்

கேள்வி: லண்டனிலிருந்து அவுஸ்திரேலியா போன பெரிய சொகுசுக் கப்பல்கள் எல்லாம் கொழும்பில் நின்று போனதாக வாப்பா சொல்வார். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம்ம பக்கம் திருகோணமலையில் இருக்க, அங்கே ஏன் வரவில்லை? வெள்ளைக்காரன் கிழக்கை ஒதுக்கிவிட்டானா?
- வாசகர், கல்முனை

பதில்: வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள் போலும்! ஆனால், ஒதுக்கிவிட்டான் என்பது சரியில்லை. திருகோணமலையின் அருமை தெரிந்துதான் பிரித்தானியர் அதைத் தங்கள் கடற்படைத் தளமாக்கினார்கள். இயற்கை கைகொடுக்காத இடம் கொழும்புதான். தென்மேற்குப் பருவக்காற்று வீசினால் அங்கே நங்கூரமிட்ட கப்பலுக்கு ஒதுங்க இடமிருக்கவில்லை.

முதற்காரணம் பாதை. நீங்கள் சொன்ன கப்பல்கள் லைனர்கள், அதாவது குறித்த நாளில், குறித்த வழியில் ஓடும் பயணிகள் கப்பல்கள். 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தபின் ஏடனிலிருந்து அவுஸ்திரேலியா, சீனா போகும் கப்பல்கள் நம் தீவின் தென்முனையை ஒட்டியே சென்றன. திருகோணமலைக்கு ஏறி இறங்கினால் ஒரு நாளுக்கு மேல் வீண். ரயிலுக்கு மாகோ சந்தி எப்படியோ, கப்பலுக்கு இலங்கையின் தென்மேற்குக் கரை அப்படி.

அந்தச் சந்தி முதலில் காலியில் இருந்தது. பாறைகள் நிறைந்த அந்தத் துறைமுகத்தில் 1860இல் பி அன்ட் ஓ கம்பனியின் 'மலபார்' கப்பலே மூழ்கியது. கொழும்பில் அலைதடுப்பு அணை, அதாவது அலையை மறிக்கக் கடலுக்குள் கட்டும் பெருஞ்சுவர், கட்டுவதற்கு 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் வைத்தார். 1885இல் வேலை முடிந்தது. காலியின் கப்பல்கள் கொழும்புக்கு மாறின.

இரண்டாவது காரணம் சரக்கு. கண்டிக்கு 1867லேயே ரயில் ஓடியது. மலைநாட்டுக் கோப்பியும் பிறகு தேயிலையும் நேரே கொழும்பில் வந்து இறங்கின. திருகோணமலைக்கு ரயில் வந்ததோ 1920களின் பிற்பகுதியில்.

மூன்றாவது நிலக்கரி. நீண்ட பயணத்தின் நடுவே அதை ஏற்றக் கப்பல்கள் கொழும்பில் நின்றன. எரிபொருள் ஏற்றும்போது கரித்தூசி உள்ளே புகாமல் அறைக் கதவு, சாளரம் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். பயணிகள் படகேறிக் கரைக்கு வந்துவிடுவார்கள். எதிரே கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல். அங்கே நீலக்கல்லும் மாணிக்கமும் காட்டி விலை பேசிய வியாபாரிகளில் பலர் நம் சோனகர்கள்தான்.

1958இல் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைத் தாண்டத் தொடங்கின. அவுஸ்திரேலிய வழிக்கும் ஜெட் வந்ததும் வாரக் கணக்கான பயணம் மணிக்கணக்காகச் சுருங்கியது. 1967 முதல் 1975 வரை சுயெஸ் மூடிக் கிடந்தபோது மிஞ்சிய கப்பல்களும் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. லைனர்களின் காலம் அத்தோடு முடிந்தது.

ஆக, துறைமுகத்தின் அழகையோ ஆழத்தையோ மட்டும் பார்த்துக் கப்பல் வருவதில்லை. அது தன் வழியையும் வருமானத்தையும் பார்க்கிறது. இன்றைய கொள்கலன் கப்பல்களும் அதே காரணத்துக்காகத்தான் கொழும்பில் நிற்கின்றன.