வலசைப் புள்ளும் கூத்துக் கலையும்

பறவைகள் பருவந்தோறும் நெடுந்தொலைவு சென்று மீள்வதைத் தமிழ்ப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். புறநானூற்றில் பிசிராந்தையார், தெற்கே இரையருந்தி வடக்கே மலைநாடு நோக்கிச் செல்லும் அன்னச் சேவலை விளித்து, இடைவழியில் கோப்பெருஞ்சோழனைக் கண்டு செல்லுமாறு வேண்டுகிறார். பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவர், வடதிசைக்கு மீளும் செங்கால் நாரையிடம் தம் வறுமை நிலையை மனைவிக்குச் சொல்லியனுப்புகிறார். பறவை வரும் திசையும் போகும் திசையும் தெரிந்த மக்களுக்கே இத்தகைய தூது பொருள்படும். அவ்வறிவு இன்று பெரும்பாலும் நூல்களோடு நின்றுவிட்டது. அதனை மீண்டும் ஊர்மக்களிடம் சேர்க்க ஆடற்கலையும் தோற்பாவைக் கூத்தும் எவ்வாறு உதவும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வலசை என்னும் வியப்பு

உணவும் தட்பவெப்பமும் நாடிப் பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்வதை வலசை போதல் என்கிறோம். வேதாரணியத்தை அடுத்த கோடிக்கரைக்குப் பனிக்காலத்தில் வரும் கொசு உள்ளான், கையளவே உள்ள சிறு பறவை. அது முட்டையிடுவதோ வடதுருவத்தை ஒட்டிய நிலப்பகுதியில். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்கு வரும் வரித்தலை வாத்து, இமயமலையைக் கடந்து வருவது. அலாசுகாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட பட்டைவால் மூக்கன் ஒன்று, 2022ஆம் ஆண்டில் தாசுமேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் தொலைவை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது.

இத்தகைய செய்திகளை நாம் அறியப் பறவையியலார் பலர் உழைத்துள்ளனர். அவர்களுள் தலையாயவர் அறிஞர் சாலிம் அலி (1896-1987). அவர்தம் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடிக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆய்வு நிகழ்த்தினர். 2002ஆம் ஆண்டில் கோடிக்கரை, ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

சட்டமும் மனமும்

பறவைகளைக் காக்க 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆயினும் ஏரிக்கரையில் இரவில் விரிக்கப்படும் வலையைச் சட்டம் ஒன்றே தடுத்துவிடாது. அக்கரையில் வாழ்வோர் மனமும் மாறவேண்டும். மாறும் என்பதற்கு நாகாலாந்து சான்றாகிறது. அங்கே தோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் 2012ஆம் ஆண்டில் அமூர் வல்லூறுகள் பல்லாயிரக்கணக்கில் வலையிட்டுப் பிடிக்கப்பட்டன. செய்தி வெளிப்பட்டபின் ஊர்ப் பெரியோரும் திருச்சபையினரும் அரசும் தொண்டு அமைப்பினரும் மக்களிடம் பேசினர். அடுத்த ஆண்டே வலைகள் நீங்கின. கருவி பொருத்திப் பறக்கவிடப்பட்ட மூன்று பறவைகளுக்கு நாகா, பாங்தி, ஓகா எனப் பெயரிட்டனர்; பாங்தி அவ்வூரின் பெயர், ஓகா அம்மாவட்டத்தின் பெயர். தம் ஊரின் பெயரைத் தாங்கிய பறவை ஆப்பிரிக்கா சென்று மீள்வதைக் கேட்டவர், அதனைத் தம்முடையது என உணர்ந்தனர். இவ்வுணர்வை ஊட்டுவதே கலையின் பணி.

ஆடல் காட்டும் உடல்

பூட்டான் நாட்டின் போப்சிகா பள்ளத்தாக்கிற்குத் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் குளிர்காலத்தில் வருகின்றன. அங்குள்ள காங்தே மடத்தின் முற்றத்தில் 1998 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் கொக்குத் திருவிழா நடைபெறுகிறது. பள்ளிச் சிறுவர் கொக்கு வேடம் புனைந்து ஆடுகின்றனர். கொக்கின் துள்ளலையும் சிறகு விரிப்பையும் ஆடிக்காட்ட வேண்டிய சிறுவன், முதலில் அதனைக் கூர்ந்து நோக்கியாக வேண்டும். நோக்கிய பறவையின்மேல் கல்லெறிய மனம் வாராது. மின்கம்பிகளில் கொக்குகள் மோதாதிருக்கும்பொருட்டு அப்பள்ளத்தாக்கில் கம்பிகளை மண்ணுக்கடியில் பதித்தனர் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

நம்மிடமும் மயிலாட்டம் உண்டு; கொக்கலிக்கட்டை ஆட்டம் உண்டு. நெடுங்கட்டையில் நடப்பவர் பூநாரையாக மாறுவது அரிதன்று. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகினால் சேற்றுநீரை வடிகட்டி உண்ணும் முறையை அவர் ஆடிக்காட்டினால், சேறு அழிந்தால் பூநாரைக்கு உணவில்லை என்பது குழந்தைக்கும் விளங்கும்.

நிழல் காட்டும் வழி

ஆடல் பறவையின் உடலைக் காட்டும். அது கடந்துவந்த தொலைவைக் காட்டுதல் அரிது. அதற்கு உரியது நிழற்கூத்து. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, மெலிதாக்கி, உருவெழுதி, துளையிட்டு, வண்ணம் தீட்டிப் பாவை செய்வர். விளக்கின் அருகே பிடித்தால் நிழல் பெருகும். திரையோடு ஒட்டினால் சிறுத்துத் தெளியும். இவ்வொரு நுட்பத்தால் ஒரே பறவை தலைக்குமேல் சிறகடிப்பதையும், வானத்தில் சிறுத்து விலகுவதையும் காட்டலாம். மலையும் கடலும் பாலையும் திரையில் ஒவ்வொன்றாய் மாற, பறவை மட்டும் பறந்துகொண்டே இருக்கும்.

நிழற்கூத்தைக் கற்பிக்கும் கருவியாக்குவது புதுமையன்று. சாவகத் தீவில் சுனான் காலிசாகா என்னும் இறைநேசர் சமயக் கருத்துகளைப் பரப்பப் பாவைக்கூத்தைக் கையாண்டார் என்பது அந்நாட்டு மரபு. அங்கே சருகுமானைத் தலைவனாகக் கொண்டு விலங்குக் கதைகளை நடத்தும் கூத்துவகையும் உண்டு.

நம் தோற்பாவைக் கூத்தில் இராமகாதை சிறப்பிடம் பெறுவது. அத்திரையில் சடாயு வீழும்போது கண்கலங்கிய மக்களுக்குப் பறவைக்காக வருந்துதல் பழக்கமானதே. மேலும், உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைப்பாத்திரங்கள் கதைக்கு இடையே புகுந்து ஊர்ச்செய்தி பேசும் உரிமை பெற்றவர்கள். காதையின் அமைப்பைச் சிதைக்காமல் இன்றைய பொருளைக் கூத்துக்குள் கொணர இவ்விருவரே தக்க வாயில். வலை விரிக்கச் சென்ற உளுவத்தலையனை உச்சிக்குடும்பன் எள்ளி நகையாடினால், வலை வைத்திருப்பவரும் சிரிப்பர், சிரித்தபின் சிந்திப்பர். நேரே கடிந்துரைத்தாலோ எழுந்து போய்விடுவர்.

நாம் செய்யத்தக்கன

இம்முயற்சியில் இரண்டினைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். ஒன்று, செய்தியில் பிழை கூடாது. எப்பறவை எத்திங்களில் எவ்வூர்க்கு வருகிறது என்பதை விலங்கியல் துறையினரிடம் கேட்டறிந்து, தமிழ்த்துறையினர் பாட்டும் உரையாடலும் அமைத்தல் நலம். மற்றொன்று, கலைஞரை வெறும் கருவியாகக் கருதலாகாது. தோற்பாவைக் கலைஞர் குடும்பம் குடும்பமாக ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழ்ந்தவர். அவர்தம் வாழ்வும் ஒருவகை வலசையே. திரைப்படமும் தொலைக்காட்சியும் பெருகியபின் அவர்கள் தங்கிக் கூத்து நிகழ்த்திய திடல்கள் குறைந்தன. ஏரிகள் சுருங்கப் பறவைகளுக்கும் தங்குமிடம் குறைந்தது. ஆகவே அவர்க்கு உரிய ஊதியமும் மேடையும் அளித்தே அவர்தம் துணையை நாடவேண்டும்.

2006 முதல் உலக வலசைப் பறவைகள் நாள் கொண்டாடப்படுகிறது. இன்று அது மே, அக்டோபர் ஆகிய இரு திங்களிலும் இரண்டாம் சனிக்கிழமையில் வருகிறது. அக்டோபர், நம் நீர்நிலைகளுக்கு விருந்தினர் வந்துசேரும் காலம். அந்நாளில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் மாணவர் ஆடலும் கலைஞர் கூத்தும் ஒருங்கே நிகழக் கல்லூரிகள் முன்வரலாம். விருந்தோம்பலை அறமாகப் போற்றும் நம் மக்கள், கடல் கடந்தும் மலை கடந்தும் வரும் இவ்விருந்தினரையும் அறிந்துகொண்டால் வலைகள் தாமே சுருட்டப்படும்.