எழுத்துப்பிழை திருத்தி ஏன் மறந்துபோகிறது?

பாளையங்கோட்டையில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பேரப்பிள்ளைகளுக்காக ஊரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி வருகிறார். சென்ற விடுமுறையில் அவருடைய புதுக் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ் ரைட்டரையும் தமிழ் அகராதியையும் நிறுவிக் கொடுத்தேன். இந்த முறை வீட்டில் கால் வைத்ததுமே புகார்.

"ஏல, தெனமும் தமிழ்னு சொல்லிக் குடுக்கேன். மறுநாள் மறந்துட்டு முழிக்கு. இப்படி ஒரு பயல என் வகுப்புல பாத்ததில்ல."

கோபத்துக்குக் காரணம் உண்டு. 1843-ல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலம் பற்றிய அத்தியாயம் அச்சாகி வந்தபோது, அதில் ஓர் இடத்தில் 'பாளயங்கோட்டை' என்று இருந்திருக்கிறது. சொந்த ஊர்ப் பெயரிலேயே பிழை! தமிழாசிரியருக்கு எப்படி இருந்திருக்கும்?

இத்தகைய கோளாறுக்குப் பலரும் சொல்லும் வைத்தியம், யூசர் ப்ரொஃபைலை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவது. நானும் அதற்குத்தான் போனேன். "நான் சேத்து வச்ச ஊர்ப்பேரெல்லாம் அப்படியே இருக்கும்லா?" என்று பெரியப்பா கேட்டதும் கை நின்றது. 'ஆட் டு டிக்‌ஷனரி' மூலம் அவர் சேர்த்த சொற்கள் எல்லாம் அந்த ப்ரொஃபைலுக்குள், வேர்ட்புக் என்ற போல்டரில், ஸ்டாண்டர்ட்.டிக் என்ற பைலில் இருக்கின்றன. ப்ரொஃபைல் போனால் அவையும் போகும். முறப்பநாடு, சீவலப்பேரி என்று மாதக்கணக்கில் சேர்த்தவை. அதிலும் இந்தப் பட்டியல் முழுச் சொல்லை மட்டுமே அறியும். 'முறப்பநாடு' சேர்த்தால் 'முறப்பநாட்டில்' என்பதைத் தனியே சேர்க்க வேண்டும். எனவே முதலில் அந்த பைலைப் பென் டிரைவில் காப்பி செய்தேன். நீங்களும் அப்படியே செய்திடுங்கள். விண்டோஸ் ரன் கட்டத்தில் %ஆப்டேட்டா% (ஆங்கில எழுத்துகளில்) என டைப் செய்து என்டர் தட்டினால் திறக்கும் போல்டரில் லிப்ரே ஆபீஸ், 4, யூசர் என்று வரிசையாக உள்ளே போனால் வேர்ட்புக் கிடைக்கும்.

பிறகு புது டாக்குமென்ட் ஒன்றைத் திறந்து நாலு வரி தமிழில் அடித்துப் பார்த்தேன். கீழே ஸ்டேட்டஸ் பாரில் மொழி 'ஹிந்தி' என்று இருந்தது! பெரியப்பா ஆங்கில விசைப்பலகையில் ஒலிப்பு முறையில் தட்டுபவர். ஆகவே ரைட்டர் தன் மாறா மொழியையே எடுத்துக்கொண்டது.

இப்போது டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, லாங்குவேஜஸ் அண்ட் லொக்கேல்ஸ் பிரிவில் ஜெனரல் என்பதைக் கிளிக் செய்திடவும். பழைய பதிப்புகளில் இது லாங்குவேஜ் செட்டிங்ஸ், லாங்குவேஜஸ் என்று இருக்கும். அங்கே காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற வரிசைதான் தமிழுக்குரியது. வெஸ்டர்ன் வரிசையில் தமிழைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரியப்பா சரியான இடத்தில் தமிழைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். ஆனால் அதன் கீழே 'ஃபார் தி கரன்ட் டாக்குமென்ட் ஒன்லி' என்ற கட்டத்திலும் டிக் போட்டிருந்தார்! 'இந்த டாக்குமென்டுக்கு மட்டும்' என்று பொருள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் புது பைல் திறப்பவர் அவர். கம்ப்யூட்டர் எதையும் மறக்கவில்லை. சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறது.

டிக்கை எடுத்து, தமிழைத் தேர்ந்தெடுத்து, ஓகே கொடுத்தேன். அடுத்து திறந்த புது பைலில் ஸ்டேட்டஸ் பார் 'தமிழ்' என்றது.

பழைய பைல்களில் சற்று வேலை உண்டு. மொழி என்பது ரைட்டரில் எழுத்தின் தடிமன், அளவு போல உரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குணம். பைலை சேவ் செய்கையில் அதுவும் சேர்ந்து பதிவாகிறது. எனவே ஹிந்தி என்று பதிவான அத்தியாயங்களைத் திறந்து, டூல்ஸ், லாங்குவேஜ், ஃபார் ஆல் டெக்ஸ்ட் வழியே தமிழுக்கு மாற்றினோம். சிவப்புக் கோடே தெரியவில்லை என்றால் ஷிப்ட் + எஃப்7 தட்டவும். தானாகப் பிழை காட்டும் வசதியை இயக்கவும் நிறுத்தவும் அதுவே சாவி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பைல்களுக்கு இது உதவாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

பாலத்தைப் பற்றிய அத்தியாயத்தை மாற்றியதும் 'பாளயங்கோட்டை'யின் அடியில் சிவப்புக் கோடு விழுந்தது. பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இன்னொண்ணு கெடக்கு பாரு" என்று மூன்றாம் பக்கத்தைக் காட்டினார்.