சித்திர நாயகியரைச் சேகரிப்போர்க்கு

கதைகளிலும் புராணங்களிலும் வரும் பெண்களை மேனாட்டு ஓவியர்கள் எவ்வாறு தீட்டியிருக்கிறார்கள் என்று அறியும் ஆசையால் நெடுங்காலமாக அச்சுப் பிரதிகளையும் தபால் அட்டைகளையும் சேர்த்து வருகிறேன். அந்த அப்பியாசத்தில் எனக்குப் பயன்பட்ட சில முறைகளை, இத்துறையில் அபிமானம் கொண்ட புதியவர்களுக்காகச் சொல்ல விரும்புகிறேன்.

முகத்தின் சௌந்தர்யத்தை மட்டும் கண்டு படங்களை வாங்கினால் சேகரம் பெருகுமேயன்றி ரசனை பெருகாது. ஆதலால், கதையின் எந்தக் கணத்தை ஓவியர் தேர்ந்துகொண்டார் என்று முதலில் விசாரித்து, அதன் பின் கைகளைப் பார்க்க வேண்டும். ஆங்கில ஓவியர் ரொஸெட்டி 1874-இல் தீட்டிய 'ப்ராஸர்பைன்' படத்தில், பாதாள லோகத்து அரசனால் கவர்ந்து செல்லப்பட்ட அத்தேவி இடக்கையில் மாதுளங்கனியை ஏந்தி நிற்கிறாள். அவ்வுலகில் அக்கனியின் விதைகளை உண்டதனாலேயே ஆண்டில் ஒரு பகுதியை அவள் இருளில் கழிக்க நேர்ந்தது. அவளுடைய வலக்கையோ, கனியேந்திய கையின் மணிக்கட்டை இறுகப் பற்றியிருக்கிறது. காலங்கடந்து வந்த அந்தத் தடையில் அவளுடைய சரித்திரம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

படத்தின் பின்புறத்தில் ஓவியர் பெயர், ஆண்டு, மூலம் இருக்கும் இடம் ஆகியவற்றை மெல்லிய பென்ஸிலால் எழுதி வையுங்கள். பசை தடவி ஒட்டாமல், அமிலம் கலவாத காகித உறையில் இட்டு வெயில் படாத இடத்தில் வைத்தால் வர்ணம் நெடுநாள் மங்காது.

அக்குறிப்போடு, ஓவியருக்கு முன் அமர்ந்த பெண்ணின் பெயரையும் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நீரில் மூழ்கி மடியும் நாயகியை ஓவியர் மில்லே தீட்டிய 'ஒஃபீலியா'வுக்காக 1852-இல் நீர்த் தொட்டியில் கிடந்தவர் எலிஸபெத் ஸிட்டால். நீரைச் சூடாக்கத் தொட்டியின் அடியில் வைத்திருந்த விளக்குகள் அணைந்துபோக, அவர் ஜலதோஷத்தால் கடுமையாக நோயுற்றார். அவரே சித்திரம் எழுதவும் கவிதை புனையவும் வல்லவர் என்பதைப் பலர் அறியார்.

ஒரே நாயகியைப் பலர் தீட்டியிருந்தால் அப்படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே யான் கண்ட உபாயங்களில் தலையாயது. ஆங்கிலக் கவி டென்னிஸனின் ஷாலட் சீமாட்டி, சாபத்தால் உலகைக் கண்ணாடியில் மட்டுமே கண்டு நெசவு செய்பவள்; சாளரத்தின் வழியே நேராகப் பார்த்ததும் கண்ணாடி வெடிக்கிறது. ஓவியர் வாட்டர்ஹவுஸ் 1888-இல் அவளைப் படகில் அமர்த்தி, மூன்று மெழுகுவர்த்திகளுள் ஒன்று மட்டும் எரிய, மரணத்தை நோக்கி அனுப்புகிறார். ஸிட்டால் 1853-இல் வரைந்த சித்திரத்திலோ அவள் தறியை விட்டு எழாமல், நூல்கள் அறுந்து பறக்கும்போதும் நிமிர்ந்து அமர்ந்து, அஞ்சாமல் தலையைத் திருப்பி வெளியே நோக்குகிறாள். பிறர் கற்பனைக்காக நீரில் கிடந்த ஒரு பெண், மறு வருஷம் தன் கையால் எழுதிய பெண் இவள். உங்கள் சேகரத்தில் பெண்கள் வரைந்த பெண்களுக்கு இடம் தேடிக் கொடுங்கள். மற்றப் படங்களையும் புதிதாகப் பார்க்கும் கண்ணை அவை அளிக்கும்.