போன் திரையைக் கணினியில் பார்ப்பது: புலனாய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அப்படித்தான். ஒரு வதந்தி எங்கிருந்து கிளம்பியது என்று தேடுபவர் அதற்குள் பிடித்தாக வேண்டும். பலரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் திருப்திப்படுகிறார்கள். "இதை நீங்களே தயாரிக்கவில்லை என்று எப்படி நம்புவது?" என்று செய்தி ஆசிரியர் கேட்கும்போதுதான் முழிக்க வேண்டியிருக்கும். யாருடைய கணக்கு, எந்த வழியாக அங்கே போனோம், எப்போது பார்த்தோம் என்பதெல்லாம் ஒரே ஓட்டத்தில் பதிவாகியிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. போன் திரையைக் கணினியில் ஓடவிட்டுப் பதிவு செய்வது அதற்காகத்தான்.

பெரிய திரை கிடைப்பதும் லாபம். 2018இல் கேமரூனில் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் சுட்டுக் கொல்லும் வீடியோ ஒன்று பரவியது. பிபிசி ஆப்பிரிக்கா ஐ குழு, பின்னணியில் தெரிந்த மலைமுகட்டை கூகுள் எர்த் காட்சியோடு பொருத்தி இடத்தைக் கண்டுபிடித்தது. அப்படியொரு முகட்டை ஆறங்குலத் திரையில் தேடினால் கண்தான் கெடும்.

முதலில், தனியாக ஒரு போன்

சொந்த போனில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஒருமுறை நான் எடுத்த நல்ல பதிவின் நடுவே, அம்மா அனுப்பிய "சாப்டியா?" மேலிருந்து இறங்கி வந்து நின்றது. வெட்டினால் பதிவின் நம்பகம் போகும். வெட்டாவிட்டால் என் வீட்டுச் செய்தி ஆவணத்தில் உட்காரும்.

பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று போதும். அழித்துப் புதிதாக்கி, தனிக் கணக்கு போட்டு, தொடர்பு எண்கள் எதையும் ஏற்றாமல் வையுங்கள். ஸ்டோரி பார்த்தால் பார்த்தவர் பட்டியலில் உங்கள் கணக்கின் பெயர் போட்டவருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் எண் தெரியும். பூட்டிய கணக்குக்குள் பொய் சொல்லி நுழைவது திறந்தமூலப் புலனாய்வில் சேராது. எல்லாருக்கும் திறந்திருப்பதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போனில் மாற்ற வேண்டியது

செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய், 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்ற புதுப் பகுதி திறக்கும். அதற்குள் 'யூஎஸ்பி டிபக்கிங்' இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ஷாவ்மி போன்களில் பக்கத்திலேயே 'செக்யூரிட்டி செட்டிங்ஸ்' என்று அடைப்புக்குறியோடு இன்னொரு டிபக்கிங் இருக்கும். அதையும் ஆன் செய்யாவிட்டால் திரை தெரியும், மவுஸ் வேலை செய்யாது.

'டூ நாட் டிஸ்டர்ப்' போட மறக்காதீர்கள்.

கணினியில் ஏற்றுவது

நான் பயன்படுத்துவது ஆங்கிலத்தில் எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்று ஆறெழுத்தில் எழுதப்படும் இலவச மென்பொருள். ஜெனிமொபைல் நிறுவனத்தில் ரோமன் விமோன் என்ற பிரெஞ்சு நிரலாளர் எழுதி 2018இல் வெளிவந்தது. வாயில் நுழையாத பெயராக வை என்று சக ஊழியர் சவால் விட்டதால் வந்த பெயர் இது. திரையை நகலெடுப்பது என்று பொருள். போனில் செயலி எதையும் நிறுவ வேண்டாம், ரூட்டும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 5 அல்லது அதற்கு மேல் எதுவும் சரி. ஒலியும் வேண்டுமென்றால் 11 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

விண்டோஸில் கிட்ஹப் பக்கத்திலிருந்து ஜிப் கோப்பை இறக்கிப் பிரியுங்கள். அதே பெயரில் போலித் தளங்கள் உண்டு, தேடலில் முதலில் வருவதைச் சொடுக்காதீர்கள். போனைக் கேபிளில் இணைத்ததும் அனுமதி கேட்டுப் போனில் ஒரு பெட்டி வரும், 'அலவ்' கொடுங்கள். பிறகு கோப்புறையில் அந்த ஆறெழுத்துப் பெயருள்ள நிரலை இருமுறை சொடுக்கினால் போன் திரை கணினியில் வந்துவிடும். பெட்டியே வரவில்லையா? பத்துக்கு ஒன்பது முறை கேபிள்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏற்றி டேட்டா கடத்தாத கேபிள்கள் எல்லார் வீட்டு மேசையிலும் கிடக்கின்றன.

வைஃபையிலும் இணைக்கலாம். நான் கேபிளையே நம்புகிறேன்.

பதிவு செய்வது

பிரித்த கோப்புறையில் டெர்மினல் திறப்பதற்கென்றே ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து நிரலின் பெயரையடுத்து ஒரு இடைவெளி, இரண்டு சிறுகோடு, 'ரெக்கார்ட்', சமக்குறி, கோப்பின் பெயர் என்று தட்டினால், திரை ஓடும்போதே கணினியில் பதிவாகும். கோப்பின் பெயரை 'எம்கேவி' என்று முடியுங்கள். 'எம்பி4' பதிவு ஓடும்போது ஒருநாள் லேப்டாப் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. 40 நிமிடப் பதிவு திறக்கவே இல்லை. எம்கேவியில் அதுவரை பதிவானதாவது மிஞ்சும்.

பதிவை எப்போதும் கடிகாரச் செயலியில் தொடங்குகிறேன். தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் காட்டிவிட்டு முகப்புக்கு வந்து, செயலியைத் திறந்து, கணக்கின் பெயரைத் தேடி, சுயவிவரப் பக்கத்தில் ஐந்து விநாடி நின்று, அதன் பிறகே இடுகைக்குப் போவேன். '3 மணி நேரம் முன்பு' என்று மட்டும் செயலி காட்டினால் தொடக்கத்தில் காட்டிய கடிகாரத்திலிருந்து கணக்குப் போடலாம். பின்னூட்டங்களை மெதுவாக உருட்டுங்கள். அவசரமாக ஓட்டினால் எழுத்து கலங்கிப் படிக்க முடியாது. இடைநிறுத்தம் வேண்டாம், தடுமாறினாலும் ஒரே ஓட்டம்.

கை பத்திரம். இன்ஸ்டாகிராமில் படத்தை இருமுறை தட்டினால் லைக் விழும், மவுஸில் இரட்டைக் கிளிக்கும் அதே கதைதான். விசாரிக்கப்படுபவருக்கு லைக் போட்டுவிட்டு எடுப்பதைப்போல அசட்டுத்தனம் வேறில்லை. 'நோ கன்ட்ரோல்' என்று கட்டளையில் சேர்த்தால் கணினியிலிருந்து எதையும் தொட முடியாது. போனில் விரலால் நிதானமாக நகர்த்திக்கொள்ளலாம்.

திரை கறுப்பாக வந்தால்

வங்கிச் செயலிகளும், ஒருமுறை மட்டும் பார்க்க அனுப்பிய வாட்ஸ்அப் படங்களும் கறுப்பாகத் தெரியும். பிடிக்கக்கூடாது என்று செயலியே ஆண்ட்ராய்டிடம் சொல்லியிருக்கிறது. அதை உடைக்க வழி தேட வேண்டாம்.

ஐபோன் என்றால்

மேக்கில் கேபிள் போட்டு, குயிக்டைம் பிளேயரில் 'நியூ மூவி ரெக்கார்டிங்' திறந்து, கேமரா பட்டியலில் ஐபோனைத் தேர்ந்தெடுங்கள். பார்க்கவும் பதியவும் போதும். மவுஸால் இயக்க வேண்டுமானால் 2024இல் மேக்ஓஎஸ் செக்வோயாவோடு வந்த 'ஐபோன் மிரரிங்' இருக்கிறது.

பதிவுக்கு முத்திரை

பதிவு முடிந்த கையோடு, கோப்பைத் திறப்பதற்கு முன்பே அதன் ஹாஷ் எண்ணை எடுங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் 'கெட் ஃபைல்ஹாஷ்' கட்டளை, இரு சொல்லுக்கும் நடுவே ஒரு சிறுகோடு. ஷா-256 முறையில் 64 எழுத்து வரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எழுத்து வரிசையே வேறாகிவிடும். தேதி, நேரம், இணைப்பு முகவரி, பயன்படுத்திய கணக்கு இவற்றோடு ஒரு குறிப்பில் எழுதி வையுங்கள். ஐநா மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறையும் இப்படிக் காத்துவைக்கத்தான் சொல்கிறது. இந்திய நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய விஷயமென்றால் இது இன்னும் அவசியம்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷுக்கென்றே இடம் இருக்கிறது. மூலக் கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிக் கொடுத்தால் சுருங்கிப்போய் ஹாஷ் பொருந்தாது.

வேலை முடிந்ததும்

யூஎஸ்பி டிபக்கிங்கை ஆஃப் செய்யுங்கள். அதே பகுதியில் 'ரிவோக்' என்று தொடங்கும் வரியைத் தட்டினால் இதுவரை அனுமதி வாங்கிய கணினிகள் எல்லாம் மறக்கப்படும். அடுத்த முறை டிபக்கிங்கை ஆன் செய்து கேபிள் செருகும்போது மறுபடி 'அலவ்' கேட்கும். கேட்கட்டும்.